தடிக்கு ஒருத்தி, வலைக்கு ஒருத்தி

"தரை தட்டுதோ, சம்மந்தி?"

"தட்டுது."

"தட்டினால் அப்பிடியே வைச்சிருக்காதேங்கோ. தூக்கிப்போட்டுத் திரும்ப விழ விடுங்கோ."

"நாலு வருசமா இதைத்தானே செய்யிறன். இண்டைக்கு மட்டும் ஏன் புதுசாச் சொல்லித் தாறியள்?"

யூஜினி தன் தூண்டில் தடியின் நுனியைப் பார்த்தாள். றோஸ்மேரி கேட்டது சரிதான். காலையில் ஸ்ரௌவ்வில் நகரில் றோஸ்மேரியின் வாசலில் ட்ரக்கை நிறுத்தி அவளை ஏற்றிய நேரத்திலிருந்து, யூஜினி வேண்டாததையெல்லாம் பேசிக்கொண்டுதான் வந்தாள். பெற்றோல் விலை, சுவாமியாரின் இருமல், புருசன் அமிர்தநாதரின் முதுகு. வாய் சும்மா இருந்தால் சொல்லக்கூடாத அந்த ஒன்று தானாக வெளியே வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

ஒக்டோபர் முடிகிற கிழமை. குளத்தைச் சுற்றியிருந்த கொட்டேஜ்கள் பூட்டிக் கிடந்தன. படகு கட்டும் மரப்பாலங்களைக் கழற்றிக் கரையில் ஏற்றிவிட்டார்கள். மேப்பிள்கள் உதிர்த்து முடித்திருக்க, சதுப்புப் பக்கத்து ஊசியிலை மரங்கள் மட்டும் மஞ்சளாய் நின்றன. வரைபடத்தில் இந்தக் குளத்துக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் இருந்தது. வரும் வழியில் ஆமை கடக்கும் இடம் என்று ஒரு படப்பலகை நிற்பதால் இவர்கள் இருவருக்கும் இது ஆமைக்குளம். கூப்பிட்டால் அடுத்த கரையில் கேட்கிற அளவு சின்னக் குளம். ஆனாலும் மேற்குப் பக்கத்துப் பாறை தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்கியது. குளிர் வந்து மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் கலந்து பாசியெல்லாம் அழுகிய பிறகு, சின்ன மீன்கள் அந்தப் பாறையின் அடிவாரத்தில் போய் ஒதுங்கும். அவற்றைத் தின்னுகிற மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனும் பின்னால் போகும். கோடையில் எறிந்து இழுக்கிற வேலை இப்போது சரிவராது. படகுக்கு நேர்கீழே கொளுக்கி மாட்டிய அரை இறாத்தல் றப்பர் மீனை இறக்க வேண்டும். தரை தட்டியதும் தடியைத் தோள்வரை உயர்த்தி, நூல் இறுகாமலும் தொய்யாமலும் விழ விட வேண்டும். மஸ்கி விழும்போதுதான் வாய் வைக்கும். அதுவும் வெடுக்கென்று இழுக்காது. தட்ட வேண்டிய தரை தட்டாமல் போகும், அவ்வளவுதான். அந்த இல்லாமையைக் கை உணர வேண்டும்.

படகு அமிர்தநாதருடையது. முதுகில் ஒப்பரேஷன் நடந்தபின் அவர் அதில் ஏறுவதில்லை. ஆனால் யூஜினிக்கு அந்தப் பைத்தியம் விடவில்லை. மஸ்கியைத் தனியே பிடிக்கவும் முடியாது. ஒருத்தர் தடியைப் பிடிக்க, ஒருத்தர் வலையை ஏந்த வேண்டும். மகன் டெறிக்கின் பிறந்தநாளன்று சாப்பாட்டு மேசையில் அவள் இதைச் சொல்லிக் குறைப்பட்டபோது, மருமகள் நிரூபாவின் தாய் றோஸ்மேரி, "நான் வேணுமெண்டால் வாறன்" என்றாள். மாப்பிள்ளையின் தாய் குறைப்படும்போது பெண்ணைப் பெற்றவள் சும்மா இருப்பது மரியாதையில்லை என்றுதான் அப்படிச் சொன்னாள். பூசைக்குப் போடுகிற நீளக் கோட்டும் கைப்பையுமாக வந்து ஏறினாள். முதல் மஸ்கி வலைக்குள் விழுந்தபோது, "சேசு மரி சூசை!" என்று அவள் போட்ட சத்தத்தில் மூன்றாம் வீட்டு நாய் குரைத்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் அவளே போன் எடுத்து, "சம்மந்தி, இண்டைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டாள்.

"ரெண்டு சம்மந்திமாரும் மீனுக்கு முத்தம் குடுத்து அனுப்பிப்போட்டு, வரேக்கை கடையிலை விளைமீன் வாங்கிக்கொண்டு வருவினம்" என்று அமிர்தநாதர் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். அதில் பொய் ஒன்றுமில்லை.

புதன்கிழமை பின்னேரம் டெறிக் வீட்டுக்கு வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான். பிறம்ரனில், வேலைக்குக் கிட்ட, தனியே இருக்க ஒரு பேஸ்மென்ற் வாடகைக்கு எடுத்துவிட்டானாம். நிரூபாவும் அவனும் பேசித்தான் பிரிவதென்று முடிவெடுத்தார்களாம். "அன்ரிக்கு நீங்கள் சொல்லாதேங்கோ அம்மா. நிரூபா will tell her mother. ப்ளீஸ்." யூஜினி அன்று அழவில்லை. மகனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவன் போன பிறகு, கழுவிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது.

பிரிந்த பிள்ளைகளைப் பெற்றவர்களை அவள் அறிவாள். மில்லிக்கன் கடையில் ஒரு சோடிச் சம்மந்திமார், ஒருவரை ஒருவர் கண்டதும் மரக்கறி வண்டிலை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். முன்பு ஒன்றாய் யாத்திரை போனவர்கள். யார் பிழை, யார் சரி என்ற கதை தொடங்கியதும் இனசனம் இரண்டாகப் பிரிந்து, பூசையில் இடப்பக்கம் ஒரு கூட்டம் வலப்பக்கம் ஒரு கூட்டம் என்று ஆகிவிடும். றோஸ்மேரிக்குத் தெரியவந்தால் அவளும் இந்தப் படகில் ஏறமாட்டாள். தெரியாதவரை இன்று ஒருநாளாவது இருக்கட்டும் என்று யூஜினி நினைத்தாள். அது களவு என்றும் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் வெள்ளி இரவு சமைத்தாள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி கறி கொடுத்துவிடுவது வழக்கம். றோஸ்மேரியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர்களின் வீடு. இன்றைக்கும், "பிள்ளையளுக்கு" என்று வாசலில் வைத்துக் கொடுத்தாள். றோஸ்மேரி மூடியைக் கொஞ்சம் திறந்து பார்த்து, திரும்ப மூடி, கொண்டுபோய்ப் பிரிஜ்ஜில் வைத்துவிட்டு வந்தாள்.

"றோல்ஸ் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது" என்றாள் றோஸ்மேரி இப்போது.

"பிறகு."

"என்ன பிறகு? காலமையும் ஒண்டும் சாப்பிடேல்லைப் போலை. முகம் கறுத்துக் கிடக்கு."

"குளிருக்கு."

யூஜினி தடியை உயர்த்தினாள். விழ விட்டாள். தரை தட்டியது. உயர்த்தினாள். விழ விட்டாள். தரை தட்டவில்லை.

யோசிக்க முன்னமே கை தடியை இழுத்துவிட்டது. கீழே பாறையொன்று அசைந்து நடக்கத் தொடங்கியதுபோல ஒரு கனம். "வந்திட்டுது" என்று மட்டும் சொன்னாள். றோஸ்மேரி கடித்த றோல்ஸை மடியில் போட்டுவிட்டுத் தன் நூலைச் சுற்றினாள், தடியை ஒதுக்கினாள், வலையை விரித்தாள். நாலு வருசப் பழக்கம். யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மீன் துள்ளவில்லை. இலையுதிர்கால மஸ்கி கொழுத்தது, கீழேயே நின்று தலையை ஆட்டும். யூஜினி தடியை வயிற்றோடு ஊன்றிக்கொண்டாள். கொஞ்சம் ஏறியது, பாறைப் பக்கம் ஓடியது, திரும்ப ஏறியது. பிறகு பழுப்புத் தண்ணீருக்குள் ஒரு நீளமான பச்சை வெளிச்சம் திரும்பியது.

"தலையைக் காட்டுங்கோ, தலையை!"

"காட்டுறன், பொறுங்கோ!"

"இந்தா!" என்று றோஸ்மேரி வலையைத் தூக்கினாள். படகு சரிந்தது. தண்ணீர் இருவர் முகத்திலும் அடித்தது. மீன் வலைக்குள்.

மீனைத் தூக்குவதில்லை. வலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு இருவரும் படகின் ஓரத்தில் முழங்காலில் குனிந்தார்கள். கொளுக்கி வாயோரத்தில் ஆழப் பதிந்திருந்தது. றோஸ்மேரி குறட்டால் அதை வெட்டினாள். யூஜினி கையுறையைக் கழற்றி வால் தொடங்குகிற இடத்தைப் பிடித்தாள். றோஸ்மேரி வலையைப் பதித்து, உள்ளங்கையை வயிற்றின் கீழ் கொடுத்தாள். மீன் களைத்திருந்தது. செவுள் மெல்லத் திறந்தது, மெல்ல மூடியது. அதற்குத் தெம்பு வந்து தானாக உதறிக்கொண்டு போகும்வரை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் வயிறு மேலே திரும்பிச் செத்துவிடும்.

"டெறிக்கின்ரை பேஸ்மென்றிலை ஹீற் ஒழுங்கா வருதோ?" என்று றோஸ்மேரி கேட்டாள். மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

யூஜினியின் விரல்கள் வாலில் இறுகின.

"என்ன பேஸ்மென்ற்?"

"சம்மந்தி. எனக்குத் தெரியும்."

தண்ணீர் படகின் அடியில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆர் சொன்னது?"

"நிரூபாதான். போன மாதம்."

"போன மாதமோ? எனக்கு அவன் இந்தப் புதன்கிழமைதானே சொன்னவன்!"

"பிள்ளை கெஞ்சினவள். மாமிக்கு இப்ப சொல்லாதேங்கோ, மாமி தாங்கமாட்டா எண்டு."

"அப்ப எனக்குத் தெரியும் எண்டு உங்களுக்கு எப்பிடி…?"

"கத்தரிக்காய்" என்றாள் றோஸ்மேரி.

"என்னது?"

"காலமை மூடியைத் திறந்தனான். கத்தரிக்காய்ப் பால்கறி. டெறிக் அந்த மணத்துக்கே எழும்பிப் போறவன். ஏழு வருசமா நீங்கள் தந்த பெட்டியிலை ஒருநாளும் கத்தரிக்காய் இருந்ததில்லை. இண்டைக்கு அவன் அங்கை இல்லையெண்டு தெரிஞ்சுதானே வைச்சிருக்கிறியள்."

யூஜினிக்கு அது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை கடையில் கை தானாகவே அந்த நீளக் கத்தரிக்காய்களின் பக்கம் போனது. நிரூபாவுக்கு அதென்றால் உயிர். கலியாணம் முடித்த புதிதில், "மாமி, அவர் இல்லாத நேரம் எனக்கு மட்டும் வைச்சுத் தாங்கோ" என்று காதோடு கேட்டவள். அந்த நேரம் இத்தனை வருசமாக வாய்க்கவேயில்லை.

 பிறகுதான் கோபம் வந்தது.

"ஒரு மாதமாத் தெரிஞ்சுகொண்டு என்ரை படகிலை இருந்து சிரிச்சுக் கதைச்சிருக்கிறியள், என்ன?"

"நீங்களும் காலமை 'பிள்ளையளுக்கு' எண்டு சொல்லித்தானே தந்தனியள்? போன முறை தந்த நண்டுக்கறியை அவள் தனிய இருந்து திண்டவள். நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

"உங்கடை மகளுக்கு வாயை அடக்கத் தெரிஞ்சிருந்தால்…"

"உங்கடை மகனுக்கு வாய் எண்டு ஒண்டு இருந்திருந்தால்…"

 கைகளுக்கு நடுவில் ஏதோ வழுக்கியது.

"பிரளுது, பிரளுது! பிடியுங்கோ!"

மீனின் வெள்ளை வயிறு பாதி மேலே வந்துவிட்டது. யூஜினி வாலைத் திருகி நிமிர்த்தினாள். றோஸ்மேரி மற்றக் கையையும் தோள்மூட்டுவரை தண்ணீருக்குள் விட்டாள். செவுள் அசையவில்லை. பிறகு ஒருமுறை அசைந்தது. பிறகு நீண்ட நேரம் கழித்து இன்னொருமுறை. எழும்பி ஆளுக்கொரு மூலையில் போய் இருந்திருக்கலாம், கையில் மீன் இல்லாவிட்டால். விரல்கள் விறைத்து, எது தன் விரல் எது அவளுடையது என்று தெரியாத குளிர்.

"திரும்பச் சேருவினமோ?" என்று யூஜினி மெதுவாகக் கேட்டாள்.

"நான் எல்லா விதமாயும் கேட்டுப் பாத்திட்டன். மாட்டினம்."

"அப்ப நாங்கள்?"

றோஸ்மேரி மூக்கைத் தோளில் துடைத்தாள். "என்ரை தம்பி சொல்லிப்போட்டான், இனி அவையளோடை ஒரு போக்குவரத்தும் வேண்டாம் எண்டு. நாளைக்குப் பூசையிலை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாப்பினம், நாங்கள் எங்கை போய் இருக்கிறம் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனியள், தம்பிக்கு?"

"இப்ப மீனைப் பிடியுங்கோ."

பிடித்தார்கள். மேகம் விலகி ஒரு கீற்று வெயில் பாறையில் ஏறி இறங்கியது. கடைசியில் மீனின் முதுகு இறுகுவதை இருவரின் கைகளும் ஒன்றாக உணர்ந்தன. வால் ஒருமுறை உதறியது. பச்சை வெளிச்சம் பழுப்புக்குள் இறங்கிப் போய்விட்டது. குனிந்தபடியே இரண்டு பேரும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு தூண்டில் போடவில்லை. நேரே கரைக்கு வந்தார்கள். யூஜினி ட்ரக்கைப் பின்னால் எடுத்தாள். றோஸ்மேரி முழங்கால் சப்பாத்தோடு தண்ணீரில் நின்று படகைப் பிடித்து ட்ரெய்லரில் ஏற்றினாள். சரிவில் கொஞ்சம் மேலே இழுத்து நிறுத்தியதும், வழக்கம்போல படகின் பின்னடிக்குப் போய்க் குனிந்து ஓட்டையை அடைக்கிற பித்தளை அடைப்பானைத் திருகிக் கழற்றினாள். அன்றைக்குப் படகுக்குள் அடித்த தண்ணீரெல்லாம் அந்த ஓட்டை வழியாக வடிய வேண்டும். அடுத்த முறை இறக்க முன் அதைத் திரும்பப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் கரையிலேயே படகு தாழும்.

"வாற சனி ஸ்நோ கொட்டும் எண்டு சொல்லுறாங்கள்" என்றாள் யூஜினி, ட்ரக்கின் கதவில் சாய்ந்துகொண்டு.

"ஓம். நானும் கேட்டனான்."

 தூண்டில் பெட்டி படகின் ஓரத்தில் திறந்தபடி கிடந்தது. அடைப்பானை அதற்குள் போடுவதுதான் வழக்கம். றோஸ்மேரி அதைக் காற்சட்டையில் துடைத்தாள். ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு தன் ஜக்கெற் பொக்கெற்றுக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

யூஜினி கண்டாள். அடைப்பானைக் கேட்காமல் தூண்டில் பெட்டியை மூடினாள்; றோஸ்மேரி வராமல் இனிப் படகு இறங்காது.

ஓட்டையிலிருந்து தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. கொங்கிறீட் சரிவில் மெல்லிய கோடாக இறங்கி, ஒட்டிக் கிடந்த ஒரு இலையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, அதற்குக் கீழே ஒன்றாகிக் குளத்துக்குள் போனது. குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு, அது வடிந்து முடியும்வரை இருவரும் நின்றார்கள்.