அட்ராக்டாவுக்குப் பாராட்டு விழா

பக்கத்துத் தேவாலயப் பங்கான ட்ரம்கீல்காரர்கள் தங்கள் கிளப் தொண்டர்களுக்கு விழா எடுத்து, அந்தப் படம் வட்டாரப் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு வந்தது. அந்த வாரத்தில்தான் எங்கள் கில்ஃபர்னா கேலிக் கால்பந்து கிளப்பின் தலைவர் மலக்கி டான்சிக்குத் தொண்டர்கள் மீது திடீரென்று பாசம் பொங்கியது. மைதானத்தில் ட்ரம்கீலிடம் தோற்றால் நடுவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார் மனிதர். பத்திரிகையில் தோற்றதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

செயற்குழுவைக் கூட்டினார். விருது யாருக்கு என்பதில் விவாதமே எழவில்லை. அட்ராக்டா ஃபீனிக்குத்தான். ஜெர்சி துவைப்பது அவர். வெளியூர் அணிக்கு சாண்ட்விச் அடுக்குவது அவர். சாவு வீட்டுக்குக் கிளப் சார்பில் சூப் போவதும் அவர் கையால்தான். இத்தனை காலமாக யாரும் கேட்டு அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றும், குழுவினர் குடித்து வைத்த கோப்பைகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு விருது கொடுப்பதென்று ஒருமனதாக முடிவு செய்யும்போது குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"விழாவுக்குச் சாப்பாடு?" என்று கேட்டான் செயலாளர் எண்டா ஸ்கான்லன். சின்ன வயசுக்காரன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் செயலாளர் ஆனவன்.

"இதென்னடா கேள்வி? அட்ராக்டாகிட்ட சொல்லிடு. ஆனா விருதப் பத்தி மூச்சு விட்டுடாத. சர்ப்ரைஸ்."

எண்டா சமையலறைக்குள் போய்த் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்க ஒரு விழா. நூறு பேருக்கு சாண்ட்விச் வேணுமாம்."

"யாருக்கு விழா?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"செத்தவங்களுக்கா, இருக்கிறவங்களுக்கா?"

"இருக்கிறவங்களுக்குத்தான்க்கா."

"அப்ப முட்டை. செத்தவங்கன்னாதான் பன்னிக்கறி ஹாம்."

ரகசியத்தை உடைத்தது மலக்கியேதான். மறுநாளே கடை வாசலில் சுவரொட்டி ஒட்டிவிட்டார். ஏதோ ஒரு பழைய அணிப் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுத் தட்டோடு நின்ற அட்ராக்டாவை வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஆட்டக்காரனின் முழங்கையும் கூடவே பெரிதாகி வந்திருந்தது. பால் வாங்கப் போன அட்ராக்டா தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு பாலைக் காரில் வைத்துவிட்டு நேரே மலக்கியின் பண்ணைக்குப் போனார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர்களுக்குள் மரியாதைப் பேச்சு கிடையாது.

"மலக்கி, யாருக்குப் பாராட்டு விழா?"

ஆட்டை ஒரு கையால் பிடித்திருந்த மலக்கி பல்லைக் காட்டினார். "பாத்துட்டியா! சரி, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நில்லு."

"எனக்கு விழா. அதுக்கு சாண்ட்விச் போடுறதும் நானா?"

"நீ போட்டாதான அது சாண்ட்விச். வேற எவ போட்டாலும் வெண்ண கட்டிகட்டியா நிக்கும். இதே ஒரு பாராட்டுதான், யோசிச்சுப் பாரு."

அட்ராக்டா யோசித்துப் பார்த்தார்.

"சரி," என்றார்.

அந்தச் 'சரி'யை 'செய்துவிடுகிறேன்' என்று மலக்கி எடுத்துக்கொண்டார். ஆட்டை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, மாவட்டக் கால்பந்து வாரியத் தலைவருக்குப் போன் போட்டு, மத்தியானம் வெறும் வயிற்றோடு வரும்படி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அட்ராக்டா வந்த கோலத்தைப் பார்த்து எங்களில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏப்ரன் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததில்லை. தலைமுடியை அலங்கரித்து, நீலக் கோட்டு போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். கூடம் நிரம்பியது. வாரியத் தலைவர் பெரிய வயிற்றோடும் பெரிய பசியோடும் வந்து சேர்ந்தார்.

மலக்கியின் பேச்சு மறைந்த அவருடைய அப்பாவில் ஆரம்பித்து, தான் இளமையில் அடித்த ஒரு கோலில் நெடுநேரம் தங்கி, மைதானத்துக்கு விளக்குக் கம்பம் வாங்கத் தான் பட்ட பாட்டில் முடிந்தது. கடைசியில் ஞாபகம் வந்தவராக, "இவங்க இல்லேன்னா இந்தக் கிளப்பே இல்ல," என்று அட்ராக்டாவைக் கைகாட்டினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. வாரியத் தலைவர் கண்ணாடிக் கேடயத்தை நீட்டினார். அதில் தங்க எழுத்தில் பொறித்திருந்தது: 'திருமதி ஜார்லத் ஃபீனி அவர்களுக்கு நன்றியுடன்.'

ஜார்லத் அவருடைய கணவர். வேட்டைநாய் ஓட்டப்பந்தயம் தவிர வேறெதிலும் நாட்டமில்லாதவர். மைதானத்துக்கு ஒரே ஒரு முறை வந்திருக்கிறார், தொலைந்த நாயைத் தேடிக்கொண்டு.

அட்ராக்டா அதை ஒரு தடவை வாசித்தார். கேடயத்தை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இனி எல்லாரும் தேநீர் சாப்பிடலாம்!" என்றார் மலக்கி.

எல்லோரும் சமையலறைக் கதவைப் பார்த்தோம். கதவு சும்மா இருந்தது. மலக்கி சிரித்த முகம் மாறாமல் அட்ராக்டாவின் காதருகே குனிந்தார்.

"கதவு பூட்டியிருக்கா?"

"தொறந்துதான் இருக்கு."

"சாண்ட்விச் எங்க?"

"ரொட்டி கடையில இருக்கு. முட்ட கோழிகிட்ட இருக்கு."

"அட்ராக்டா, வெளையாடாத. பெரிய மனுஷன் உக்காந்திருக்காரு."

"நானும்தான் உக்காந்திருக்கேன். இன்னிக்கு நான் விருந்தாளி மலக்கி. எனக்கு ரெண்டு சக்கரை."

அதன் பிறகு செயற்குழு மொத்தமும் சமையலறைக்குள் பாய்ந்தது. மைதானத்துக்கு விளக்குக் கம்பம் நட்டவர்கள், வாரியத்தோடு வழக்காடியவர்கள், ஊருக்கே யோசனை சொல்பவர்கள். அவர்களில் ஒருவருக்கும் கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெரிய தேநீர் பாய்லரின் பொத்தானை யாரோ கண்டுபிடித்து அழுத்தினார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. புகை வந்தது. தீ எச்சரிக்கை மணி அலறியது. விழாக் கூட்டம் முழுவதும் மழையில் போய் நின்றது.

எண்டா காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் கடைக்குப் பறந்தான். மிச்சமிருந்த சாண்ட்விச்சை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான். எல்லாமே டூனா. வாரியத் தலைவருக்கு மீன் ஆகாது. மழையில் நின்றபடி ஒரு சாக்லேட்டைப் பிரித்துத் தின்றார். பத்திரிகைக்காரர் அதைப் படமெடுத்தார். அந்த வாரம் எங்களுக்கு அரைப் பக்கம் கிடைத்தது. ட்ரம்கீலை விட இரண்டு மடங்கு.

மலக்கிக்கு அப்போதும் உறைக்கவில்லை. "பொம்பளைங்க கோவம், ரெண்டு நாள்ல போயிடும்," என்று கடையில் நின்று சொன்னார். வழக்கம் போல ஜெர்சி மூட்டையை அட்ராக்டா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். மூட்டை அங்கேயே இருந்தது. மழை பெய்தது, வெயிலடித்தது, ஜார்லத்தின் நாய் ஒன்று அதன் மேல் படுத்துத் தூங்கியது. சனிக்கிழமை மாவட்டக் கோப்பை அரையிறுதிக்கு அந்த ஜெர்சியைத்தான் எங்கள் பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினார்கள். எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எங்கள் ஆட்களை நெருங்கவே மறுத்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு இறுதி ஆட்டத்துக்குப் போனோம்.

"எல்லாம் வியூகம்," என்றார் மலக்கி.

இறுதி ஆட்டம் ட்ரம்கீலோடு. மாவட்டமே பார்க்கும் ஆட்டத்துக்கு அதே நாற்றத்தோடு போக அவருக்கு மனம் வரவில்லை. எண்டா மெல்ல இழுத்தான்: "தலைவரே, அக்காகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டா..."

"துணி தொவைக்க மன்னிப்பு வேணுமாடா? மிஷின்தான தொவைக்குது!"

மலக்கியின் மனைவி, விஷயம் காதில் விழுந்ததுமே, தன் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டார். மலக்கி தானே மிஷினுக்குள் மூட்டையைத் திணித்து, இருப்பதிலேயே அதிகமான சூட்டில் திருகிவிட்டார். வெள்ளையில் கருஞ்சிவப்புப் பட்டை போட்ட எங்கள் ஜெர்சி இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. அளவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏற்றதாகியிருந்தது. கேலிக் கால்பந்தில் அணிக்குப் பதினைந்து பேர், பந்தைக் கையாலும் பிடிக்கலாம். இறுதி ஆட்டத்தில் எங்கள் வீரர்கள் பந்தைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோதெல்லாம் பதினைந்து தொப்புள்களும் மாவட்டத்துக்குக் காட்சி தந்தன. ட்ரம்கீல் ரசிகர்கள் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் தோற்றது ஆட்டத்தால் அல்ல என்று சொல்ல ஆசைதான். ஆட்டத்தாலும் தோற்றோம்.

டிசம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதில் வருஷா வருஷம் மலக்கி ராஜினாமா செய்வார். உடம்பு சரியில்லை, இளையவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று குரல் தழுதழுப்பார். "ஐயோ, நீங்க போயிட்டா யாரு இருக்கா?" என்று நாங்கள் கெஞ்ச வேண்டும். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பங்கின் நன்மைக்காக இன்னும் ஒரே ஒரு வருஷம் சம்மதிப்பார். இந்த முறையும் தழுதழுத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

பின்வரிசையில் நீலக் கோட்டு எழுந்தது.

"மலக்கி இத்தன வருஷம் உழைச்சிருக்காரு. ஒடம்பு முடியலன்னு அவரே சொல்றாரு. நம்ம புடிச்சு வெக்கிறது பாவம். எல்லாரும் ஒரு தடவ நல்லாக் கைதட்டி அனுப்பி வெப்போம்."

முதலில் தட்டியது யார் என்று இன்று வரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நிற்க மாட்டேன் என்றது கைதட்டல். மலக்கி கைக்குட்டையைப் பிடித்தபடியே நின்றார். கண்ணீர் இப்போது நிஜமாகவே வந்திருந்தது.

அடுத்த தலைவர் யார் என்றதும் கூடத்தில் எல்லோருக்கும் தங்கள் செருப்பின் மேல் பெரிய ஆர்வம் பிறந்தது. பிறகு ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து அட்ராக்டாவை அன்போடு பார்த்தது.

"என்னப் பாக்காதீங்க," என்றார் அவர். "தேநீருக்கு மொற போடுங்க, ஆளுக்கு ஒரு வாரம். என் வாரத்த நான் செய்யறேன். உங்க வாரத்த நீங்க செய்யுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அந்த நேரம் பார்த்து, டிராக்டருக்கு வழியை மறித்து நின்ற தன் காரை நகர்த்த எண்டா வெளியே போயிருந்தான். திரும்பி வந்தபோது ஒருமனதாகத் தலைவராகியிருந்தான்.

வசந்தத்தில் லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு அட்ராக்டா வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். இடைவேளை வந்தது. அந்த வார முறைக்காரரான எங்கள் முன்னாள் கோல்கீப்பர் சமையலறையில் கையைச் சுட்டுக்கொண்டு கத்துவது கேட்டது. அட்ராக்டா அசையவில்லை. அவர் எங்கள் அணி ஆடும் இரண்டாவது பாதியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் அந்த நேரத்தில் ஒன்று வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார், இல்லை கோப்பை கழுவிக்கொண்டிருப்பார்.

பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்து எங்கள் ஆட்கள் பந்தை உதைத்தார்கள். எதிராளியின் கையில் கொண்டுபோய்ப் பக்குவமாகக் கொடுத்தார்கள். கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் நின்று ஒருவன் பந்தை வேலிக்கு வெளியே புல்வெளிக்கு அனுப்பினான். அட்ராக்டா எழுந்து நின்றார்.

"டேய்!" என்றார். மைதானம் திரும்பிப் பார்த்தது. "இதுக்காடா நான் இத்தன வருஷம் தொவைச்சுப் போட்டேன்?"

வேலிக்கு அந்தப் பக்கம், ஆட்டம் பார்க்க வரவில்லை, சும்மா அந்த வழியாகப் போகிறேன் என்பது போல் நின்றிருந்த மலக்கி டான்சி தன்னை மறந்து உரக்கச் சொன்னார்: "நல்லாக் கேளு அட்ராக்டா!"