அம்மா இல்லாத பதினொரு படங்கள்

"தலையை லேசாத் தூக்குடா," என்றாள் ஓர்ஃபா. தம்பி ஆர்லோ தூக்கிப் பிடிக்க, அம்மாவின் நரைமுடியை வாரிக் கொண்டை போட்டாள். அம்மா லவைனா நேற்றுக் காலை, அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். மூன்று மணிக்கு அடக்கத்துக்குப் பாதிரியார் வந்துவிடுவார். நகரத்திலிருந்து வந்த படக்காரர் டட்டில் வராந்தாவில் காமிராவை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"செத்தவங்கள உட்கார வெச்சுப் படமா? அதெல்லாம் அப்பா காலத்தோட போச்சு. ஊரே சிரிக்கும்," என்றான் ஆர்லோ.

"சிரிக்கட்டும். நம்ம வீட்ல பதினொரு படம் இருக்கு. ஒண்ணுலயாவது அம்மா மூஞ்சி இருக்கா? காட்டு பாப்போம்."

எங்கிருந்து காட்டுவான்? அப்பா இருக்கிறார், கதிரடிக்கும் இயந்திரம் இருக்கிறது, நெப்ராஸ்கா கண்காட்சியில் பரிசு வாங்கிய பன்றிகூட இருக்கிறது. நாலு படங்களில் அம்மாவும் இருக்கத்தான் செய்கிறாள், கறுப்புத் துணிக்குள். கைக்குழந்தை அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் தாயை உட்கார்த்தி, தலையோடு துணியைப் போர்த்தி, மடியில் பிள்ளையை வைத்து எடுப்பார்கள். பிள்ளை முகம் விழுந்தால் போதும். "என்னை அடுத்த தடவை எடுத்துக்கலாம்," என்பாள் அம்மா. அந்தப் பாழாய்ப்போன அடுத்த தடவை வரவேயில்லை.

இரண்டு வருடம் போனால் இந்த முகம் தனக்கே மறந்துபோகுமோ என்று ஓர்ஃபாவுக்குப் பயமாக இருந்தது.

அம்மாவைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை நிற்கவில்லை. தலையணை வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் சரிந்தது.

டட்டில் தொண்டையைச் செருமினார். "பின்னால இருந்து யாராவது பிடிச்சுக்கணும்மா. பிடிக்கிறவங்க மேல கறுப்புத் துணியைப் போட்டுடலாம்."

"நானே பிடிக்கிறேன்."

நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டாள் ஓர்ஃபா. துணி மேலே விழுந்தது. ஒரே இருட்டு, புழுக்கம். உள்ளங்கையில் அம்மாவின் பிடரி சில்லென்றிருந்தது. முடியில் வீட்டுச் சோப்பு வாசனை. அம்மா நாலு தடவை இதற்குள் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தாள்.

"அசையாதீங்க... அவ்வளவுதான். முடிஞ்சுது, வெளிய வாங்கம்மா."

ஓர்ஃபா கையை எடுக்கவில்லை.

"ஏம்மா, பாதிரியார் வண்டி வருது," என்றார் டட்டில் மறுபடி.

ஆர்லோவின் பூட்ஸ் சத்தம் பலகைத் தரையில் கிட்டே வந்து நின்றது.

"வரட்டும்," என்றான். "நீங்க இன்னொண்ணு எடுங்க."