அச்சுக்குப் போகாத கூஜா

வீரம்மாள் பதினெட்டு வருஷமாக விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்துவந்தாள். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பிள்ளையார். எல்லாவற்றுக்கும் ஒரே தொப்பை, ஒரே சிரிப்பு.

2006-ல் ஜங்ஷன் ரோட்டில் பிரபா என்கிற பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்பாண்ட வகுப்பு தொடங்கினாள். பேங்க், ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகச் சேர்ந்தார்கள். வீரம்மாளும் போய்ப் பெயர் கொடுத்தாள்.

ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் நடராசன் தலையில் அடித்துக்கொண்டான். “வாரத்துல ஆறு நாளு மண்ணுலதான் கெடக்குற. ஏழாவது நாளும் மண்ணா?”

“அங்க அச்சு செய்யுது, நான் ஊத்துறேன். என் கையால ஒண்ணு செஞ்சு பாக்கணும்.”

“செஞ்சு?”

“செஞ்சு ஒண்ணுமில்ல. செய்யணும், அவ்ளோதான்.”

மண்ணைப் பற்றி எல்லாம் தெரியும் என்று போனவளுக்கு வனையும் சக்கரம் பிடிகொடுக்கவில்லை. மண் நடுவில் நிற்காமல் ஓடியது. அதே வகுப்பில் இருந்த அவளுடைய முதலாளியின் மனைவி மோகனப்பிரியா சிரித்தாள். “நம்ம கம்பெனி ஆளுக்கே வரலியா?”

“வரும்ங்க” என்றாள் வீரம்மாள், தலை நிமிராமல்.

ஐந்தாவது மாதத்தில் சக்கரம் கைக்கு வந்தது. ஒரு கூஜா. யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல அதன் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சூளையிலிருந்து பச்சை மினுமினுப்போடு வெளிவந்ததும், அதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மனைவியை அழைத்துப்போக வந்த முதலாளி பாலகிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டார். “நல்லா இருக்குதே! நாளைக்குக் கம்பெனிக்கு எடுத்தாந்துடு. அச்சு எடுத்து, தீபாவளிக்குள்ள ரெண்டாயிரம் போட்டுடலாம்.”

“தர மாட்டேங்க.”



“என்னா சொன்ன?”

“இதுமாதிரி இன்னொண்ணு என்னாலயே செய்ய முடியாது. இது ஒண்ணாவே இருக்கட்டும்.”

“நீ என் கம்பெனியில வேல செய்யற. ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும். இன்னைக்கு ஞாயித்துக்கெழம.”

மறுநாள் அவளை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பெட்டிகளில் வைக்கோல் திணிக்கிற வேலை. உடம்பெல்லாம் அரித்தது. “குடுத்துத் தொலைச்சா என்னா?” என்று கேட்டான் நடராசன். அவள் அரித்த கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். டிவி மேல் இருந்த கூஜாவை அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவள் கிளம்பியபோது, “ஏறு, வுட்டுட்டு வரேன்” என்று ஆட்டோவை எடுத்தான்.

இரண்டு மாதத்தில் புது ஆட்கள் பிரித்த பிள்ளையார்கள் தும்பிக்கை உடைந்து குவிந்தன. சூப்பர்வைசர் அவளைத் தேடி வந்தார்.

“அச்சுக்கே வந்துடும்மா. மொதலாளி சொல்லிட்டாரு.”

“வரேங்க. ஞாயித்துக்கெழம ஓவர்டைம்னு மட்டும் கூப்புடாதீங்க.”

அவர் தலையாட்டினார்.

அந்த வாரம் வகுப்பில் பெரிய ஜாடி ஒன்றுக்கு மண் பிசைந்தாள். பாதி உயரத்தில் அது சரிந்து விழுந்தது. மோகனப்பிரியா எட்டிப் பார்த்தாள்; இந்தத் தடவை சிரிக்கவில்லை. வீரம்மாள் சரிந்த மண்ணை வழித்தெடுத்து, மறுபடி பிசைய ஆரம்பித்தாள்.