ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க

கண்ணாடிக் கடையில் அவரைச் சைக்கிள்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பின்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி வெட்டித் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள்கூட பைக்கில் வந்து இறங்கும்போது, இவர் மட்டும் மழையோ வெயிலோ சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். கேட்டால், "ரெண்டு காலும் சும்மாதானே கெடக்கு" என்பார்.

சாப்பாடும் அப்படித்தான். விடியும்போதே எழுந்து ஒரு சோறு, ஒரு பருப்பு, ஒரு காய் செய்து டப்பாவில் அடைத்துவிடுவார். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. சாயங்காலம் திரும்பும்போது சைக்கிள் ஹேண்டிலில் தொங்கும் பையில் என்ன கொள்ளுமோ அதுதான் மறுநாள் சமையல். இரண்டு பாத்திரம், ஒரு வாணலி, ஒரு தட்டு, ஒரு நாற்காலி. அதற்கு மேல் எதற்கு?

"இருந்தா இவர மாதிரி இருக்கணும்" என்று முதலாளி வாய் ஓயாமல் புகழ்வார். புகழ்கிறவர் காரில் போவார், அது வேறு கதை. சைக்கிள்காரருக்கு மட்டும் உள்ளுக்குள் ஒன்று தெரியும். ஒன்றும் வேண்டாம் என்று இருக்கிறவனைப் பார்த்து யாரும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. அவருடைய எளிமையில் பாதி அந்தச் சௌகரியத்துக்காகத்தான். ராத்திரி ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது அறை அவ்வளவு அமைதியாக இருக்கும். சில நாள் அதைத் தாங்க மாட்டாமல் வேண்டுமென்றே இருமிக்கொள்வார்.

கடையில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருபவர் இன்னும் ஒருவர்தான், கண் பரிசோதனை செய்யும் அம்மா. டாக்டர் இல்லை. ஆனால் வருகிறவர்கள் டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைக்கும் அவர் டாக்டரம்மா ஆகிவிட்டார். மற்றவர்கள் போனைத் தட்டிப் பார்சல் வரவழைத்து முன்பக்கம் கும்மாளமாகச் சாப்பிடுவார்கள். இவர்கள் இருவரும் பின்னறையில், லென்ஸ் பொடியைத் துடைத்துவிட்டு அதே மேசையில் சாப்பிடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று இருவருக்குமே நினைவில்லை. டப்பா மூடியில் தன் காயில் ஒரு கரண்டி வைத்து இவர் அந்தப் பக்கம் நகர்த்துவார். அந்தம்மா தன் மூடியை இந்தப் பக்கம் நகர்த்துவார். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்." "கத்தரிக்கா முத்தல்." பல வருஷம் இப்படியே ஓடிவிட்டது. ஒரு தடவை மட்டும் அந்தம்மா, "நான் ஒருத்திதானே, எவ்வளவு பண்றது" என்று சொன்னார். அதைச் சைக்கிள்காரர் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்தார்.

இப்போது முதலாளி ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு கடை திறந்திருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து டாக்டரம்மாவுக்கு அங்கே வேலை. செய்தி கேட்டதிலிருந்து சைக்கிள்காரர் டப்பாவில் பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார். அந்தம்மா இல்லாத அந்த மேசையை நினைத்தாலே பயமாக இருந்தது. சனிக்கிழமை, அதாவது கடைசி நாள், டப்பாவை மூடிக்கொண்டே, யாரையோ திட்டப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை, டப்பாவைத்தான் பார்த்தார். "சூடாவா?" என்று கேட்டார்.

"சூடாத்தான்."

"சரி, வரேன். மதியம் வரேன்."

அதற்குள் முன்பக்கத்திலிருந்து யாரோ "டாக்டரம்மா!" என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் முதலாளி கேக் வாங்கி வெட்டி, எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரே சந்தடி. சைக்கிள்காரர் கனவில் நடப்பவர் போலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு திறக்கும் முன்பே போய் நின்று இன்னொரு தட்டு வாங்கினார். எதிர் வீட்டு மாமாவிடம் நாற்காலி கேட்டார்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வராங்களா?" என்று மாமா சிரித்தார்.

"சும்மா, கடையில கூட வேலை பாக்கறவங்க மாமா."

"சும்மா வரவங்களுக்கு எதுக்குத் தம்பி காதெல்லாம் செவக்குது?"

சமையலில் கை ஓடவில்லை. இவ்வளவு வருஷமும் ஒரு வயிற்றுக்கு அளந்த கை. இரண்டு பேருக்கு என்றதும் தடுமாறியது. ஒருவழியாகச் சோறு வடித்து, பருப்பைக் கடைந்து, கீரை மசித்து, கத்தரிக்காயை எண்ணெயில் பதமாக வதக்கி இறக்கினார். இளசாகப் பொறுக்கி வாங்கிய கத்தரிக்காய். யாரும் குறை சொல்ல முடியாது.

மதியம் வந்தது, டாக்டரம்மா வரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். அவர் வீடு நாலாவது மாடியில்; சத்தம் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். பருப்பை மறுபடி சுடவைத்தார். இன்னொரு தடவையும் சுடவைத்தார். அடி பிடித்துவிட்டது. வராமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஆனால் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: உன் மூஞ்சிக்கு இது தேவையா?

எதிர் வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "இன்னும் வரலையா? இந்தச் சந்துக்குள்ள பூந்தா எனக்கே வழி தப்பும். அட்ரஸ் சரியாச் சொன்னீங்களா தம்பி?"

சைக்கிள்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்ரஸ்!

சொல்லவே இல்லை. 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்று இவர் சொன்னார், 'வரேன்' என்று அந்தம்மா சொன்னார், அவ்வளவுதான். உலகத்தில் வேறு எந்த இரண்டு பேராவது இந்தத் தப்பைச் செய்வார்களா? தினமும் பார்க்கிறவர்களுக்கு எதற்கு போன் நம்பர் என்று அதையும் வாங்கிக்கொண்டதில்லை. முதலாளியிடம் கேட்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அந்தம்மா நம்பரை இவர் கேட்டார் என்றால், திங்கட்கிழமை இரண்டு கடையிலும் அதுதான் பேச்சாக இருக்கும். அந்தம்மாவும் இதையே நினைத்துத்தான் முதலாளியிடம் இவர் நம்பரைக் கேட்டிருக்க மாட்டார்.

அப்படியானால் எங்கே போயிருப்பார்? இரண்டு பேருக்கும் தெரிந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

சட்டையைக்கூட மாற்றாமல் படியில் இறங்கினார். வாழ்க்கையில் என்றுமே அவசரமாகச் சைக்கிள் ஓட்டாதவர், அன்று பேய் மாதிரி மிதித்தார். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் யாரும் இல்லை. பக்கத்து வங்கியின் காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இங்கே ஒரு அம்மா வந்தார்களா என்று அவரிடம் கேட்டார்.

"குடை வச்சிருந்த அம்மாவா? எவ்ளோ நேரம் நின்னாங்க தெரியுமா? 'யாராச்சும் வந்தாங்களா'ன்னு என்கிட்ட வேற கேட்டாங்க. இப்பத்தான் பஸ் ஏறினாங்க. அதோ போகுது பாருங்க."

நகரத்தில் பஸ்ஸைச் சைக்கிளால் பிடிப்பது பெரிய வித்தை இல்லை, சிக்னல்கள் இருக்கும்வரை. மேம்பாலத்துக்கு முந்தின சிக்னலில் பிடித்துவிட்டார். ஜன்னலோரம் டாக்டரம்மா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா!"

திரும்பினார். கண் சிவந்திருந்தது. "வர வேணாம்னா நேத்தே சொல்லியிருக்கலாமே சார்."

"ஐயோ, இல்லம்மா. அட்ரஸ்... நான் அட்ரஸே சொல்லல."

"அதை எப்படி சார் ஒருத்தர் மறப்பாங்க?"

பஸ்ஸில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். சைக்கிள்காரருக்கு மூச்சு வாங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னார்.

"யாரும் வந்ததில்லம்மா. இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்ல. அதான், சொல்லணும்னே தோணல."

அந்தம்மா பதில் சொல்வதற்குள் விளக்கு மாறிவிட்டது. பஸ் உறுமிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறியது. மேம்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "யோவ் பெருசு, ஓரமாப் போய் நில்லு" என்று ஒருவன் கத்தினான். ஓரமாகப் போய் நின்றார். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அடி பிடித்த பருப்பும் கடன் வாங்கிய நாற்காலியுமாகக் காத்திருக்கும் அந்த அறைக்குத் திரும்பக் கால் வரவில்லை. பாலத்துக்குக் கீழே போகும் ரோட்டில், எங்கே என்று இல்லாமல், மெதுவாக மிதித்தார்.

பாலம் இறங்குகிற இடம் தெரிந்தபோது, எதிரே ரோட்டோரமாக ஒரு குடை வந்துகொண்டிருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறார். சைக்கிள்காரர் இறங்கி நின்றார். டாக்டரம்மாவும் நின்றார்.

"நீங்க சொல்லலன்னு அவ்ளோ கோவப்பட்டேன்" என்றார் டாக்டரம்மா. "நான் ஏன் கேக்கலன்னு பஸ்ல உக்காந்து யோசிச்சேன்."

குடையை மடக்கினார். மடக்கிய குடையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கயாச்சும் போய்வந்து பழகியிருந்தாத்தானே சார், எங்க இருக்குன்னு கேக்கத் தோணும். என்னையும் யாரும் கூப்பிட்டதில்ல."