முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்

ஊருக்கு அவன் புயல். கிட்டாரைக் கையில் எடுத்தால் மைதானமே எழுந்து ஆடும். எனக்கு அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு பின்னாலேயே வந்த தம்பி. அவனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் என்று ஒரு பெண் வந்து நின்றபோதே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. எனக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் எங்கள் வேன் பாலத்தில் மோதியது. என் வீட்டுக்காரர் போய்விட்டார். தம்பியின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். குடித்துவிட்டு ஓட்டினார், தானும் செத்தார், குழுவையும் கெடுத்தார் என்பது ஊரறிந்த கதை. ஓட்டியது தம்பி. குடித்திருந்ததும் அவன்தான். பின்சீட்டில் நான் இருந்தேன், வயிற்றில் என் மகள். குடிகாரன் மகள் என்ற பேச்சைக் கேட்டே அவள் வளர்ந்தாள். உட்காரவைத்து நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

"என் படத்துல புயலோட முகமே வராதுக்கா," என்றாள் இயக்குநர். "பாட்டும் வராது. கூட இருந்தவங்க பேசுறது மட்டும்தான். உங்க முகமும் வராது. குரல் உங்களோடது, ஒரு நடிகை வாயசைப்பாங்க."

புதுமையாம். முகம் காட்ட வேண்டாம் என்றதும் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

என் படுக்கையறை ஜன்னலில் போர்வையைக் கட்டி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டு நாள் வேர்க்க வேர்க்கப் பேசினேன். இரைச்சல் கேட்கிறது என்று ஒலிப்பதிவாளர் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டார். பால் திரிந்ததுதான் மிச்சம்.

"கேள்வி கேக்குற என் குரல வெட்டிடுவோம்க்கா," என்றாள் அவள். "அதனால மொட்டையா பதில் சொல்லாதீங்க. முழு வாக்கியமா சொல்லுங்க. விபத்தப் பத்தி ஊர்ல என்ன சொன்னாங்க?"

"என் வீட்டுக்காரர் குடிச்சிருந்தாரு. அவர்தான் வண்டிய ஓட்டினாரு," என்றேன், வாத்தியாருக்குப் பயந்த பிள்ளை மாதிரி. பிறகு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "இதான் ஊர் சொன்னது. அத்தனையும் பொய். ஓட்டினது என் தம்பி," என்றேன்.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது.

முதல் காட்சிக்கு வர மகள் மாட்டேன் என்றாள். "குடிகாரன் கதைய தியேட்டர்ல வேற உக்காந்து பாக்கணுமா?"

"உங்கப்பா யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடுறேன், வாடி," என்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன்.

முன்வரிசையில் தம்பி, கறுப்புக் கண்ணாடியோடு. இருட்டில் எதைப் பார்க்கப் போகிறானோ. திரையில் என்னைவிட அழகான ஒருத்தி என் குரலில் பேசினாள்: "என் வீட்டுக்காரர் குடிச்சிருந்தாரு. அவர்தான் வண்டிய ஓட்டினாரு." நான் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. அத்தோடு நடிகை தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து வேறு யாரோ பேச ஆரம்பித்தார்கள்.

என் முகமாக இருந்திருந்தால் வெட்டிய இடம் தெரிந்திருக்கும். வாடகை முகத்தில் என்ன தெரியும்? அரங்கில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

வெளியே படிக்கட்டில் இயக்குநரை மறித்தேன். "கடைசி முடிவு உங்க தம்பி கையிலக்கா. ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்த வரி இருந்தா படமே வெளிய வந்திருக்காது," என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். நன்றாக இரு தாயே என்றேன். வேறென்ன சொல்ல?

மகள் தூணோரம் நின்றிருந்தாள். "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியாம்மா?"

"நான் அப்படிச் சொல்லலடி. மீதிய வெட்டிட்டாங்க. ஓட்டினது உன் மாமா. உங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல."

என்னையே பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று தோன்றியது.

"நீ கூடவே இருந்தியே," என்றாள் மெதுவாக. "அன்னைக்கே போலீஸ்ல சொல்லியிருக்கலாமே. என்ன சொன்ன?"

தம்பியின் முதல் பெரிய கச்சேரிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் காலில் விழுந்தாள்.

திரையில் கேட்டாளே, அதே இரண்டு வாக்கியங்களைத்தான் அன்றைக்கும் சொன்னேன். அப்போது யாரும் எதையும் வெட்டவில்லை.