முதல் பரிசும் தலைப்பிள்ளையும்

குல்பாஷ் மருமகளின் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீதன விரிப்பு, செத்துப்போன மகனின் ரயில்வே தொப்பி, பழைய பாவாடைகள் எல்லாம் கம்பளத்தில் விழுந்தன. பக்கத்து வீட்டு ராபிகா தேநீர்க் கிண்ணமும் கையுமாக வேடிக்கை பார்த்தாள். அரீஸ் ஊரில் இதைவிட நல்ல காட்சி வேறெங்கே கிடைக்கும்?

"எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

"எதை அத்தே?" என்றாள் உல்போசின்.

"ஒண்ணும் தெரியாத பாப்பா! முதல் பரிசுச் சீட்டு ஸ்டேஷன் லாட்டரிக் கடையில வித்ததாம். இன்னும் யாரும் பணம் வாங்க வரலையாம். அந்தக் கடையில உக்காந்திருக்கிறது நீதானே? சீட்டை அமுக்கிக்கிட்டு, என் புள்ளையையும் தூக்கிட்டு அல்மாத்திப் பட்டணத்துக்கு ஓடப் பாக்குற."

"விக்கும்போது எது விழும்னு எனக்கெப்படி அத்தே தெரியும்? சுரண்டுற சீட்டுலயாவது பரிசு அச்சடிச்சே வரும். இது ஆறு எண் ஆட்டம். வித்து முடிச்ச பிறகுதான் குலுக்கவே செய்வாங்க."

"வாய் நீளுது பாத்தியா ராபிகா!"

'என் புள்ளை' என்று குல்பாஷ் உரிமை கொண்டாடியது உல்போசின் பெற்ற மகள் இன்காரை. தலைப்பிள்ளை தாத்தா பாட்டிக்கு என்பது இங்கே வழக்கம். பால்குடி மறந்ததும் குழந்தை பாட்டியின் படுக்கைக்குப் போய்விட்டது. இப்போது அது பாட்டியை அம்மா என்கிறது, பெற்றவளை அண்ணி என்கிறது. அண்ணியாம்! மகன் செத்த பிறகு, 'நீ எங்கே வேணா போ, புள்ளை எங்களோடது' என்றும் சொல்லிவிட்டார்கள்.

பெட்டியில் ஒன்றும் அகப்படவில்லை. குல்பாஷ் ராபிகாவைக் கூட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் தேடப் போனாள். சிதறியதை அள்ளிவிட்டு, பெருக்குவதற்காக உல்போசின் வட்ட மேசையை நகர்த்தினாள். ஆடும் காலுக்கு அடியிலிருந்து மடித்த சீட்டு ஒன்று வெளியே வந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மாமியாருக்கு வாராவாரம் அவள்தான் லாட்டரிச் சீட்டு வாங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் பையிலிருந்து மர உருளைகளை எடுத்து எண்ணைச் சொல்லச் சொல்ல, குல்பாஷ் சீட்டில் அடித்துக்கொண்டே வருவாள். முந்தின வாரம் அந்தச் சீட்டு தீர்ந்துபோனதால் ஆறு எண் சீட்டு வந்தது. "இது வேற ஆட்டம் அத்தே, சனிக்கிழமை குலுக்கல்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். மருமகள் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? குல்பாஷ் அதையும் ஞாயிற்றுக்கிழமை உருளைகளோடு ஒத்துப் பார்த்து, "ராசியில்லாத கை" என்று திட்டி, மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

கடைப் பலகையில் தானே எழுதிவைத்த எண்கள் உல்போசினுக்கு மனப்பாடம். ஆறும் சீட்டில் இருந்தன.

சீட்டில் பெயர் கிடையாது, கொண்டுபோய் நீட்டுகிறவருக்குப் பணம். சட்டைக்குள் செருகிக்கொண்டால் கேட்க ஆளில்லை. ஆனால் பணத்தோடு ஓடலாம், இன்காரோடு ஓட முடியாது. போலீசோடு வந்து பிடுங்கிக்கொள்வார்கள்.

அவள் முற்றத்துக்கு வந்து உரக்கக் கூவினாள். "சுயின்ஷி, அத்தே! சுயின்ஷி!"

நல்ல சேதி கொண்டுவருகிறவர் அப்படித்தான் கூவுவார். 'வேண்டியதை எடுத்துக்கோ' என்று சொன்னால்தான் சேதி வெளியே வரும். சொன்ன பிறகு மறுக்கக் கூடாது.

குல்பாஷ் ஓடிவந்தாள். "வழிக்கு வந்தியா! வேண்டியதை எடுத்துக்கோ, ரொட்டி மேல சத்தியம். சொல்லித் தொலை!"

"ராபிகா அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்."

"முதல் பரிசு உங்களுக்குத்தான் அத்தே. உங்க மேசைக்கால்லதான் கிடந்தது. இந்தாங்க. எனக்கு இன்காரைக் குடுங்க."

"அடிப்பாவி! கோட்டு கேளு, மாடு கேளு. புள்ளையையா கேப்ப?"

"ரொட்டி மேல சத்தியம் பண்ணிட்ட குல்பாஷ்," என்றாள் ராபிகா. "மாத்திப் பேசினா ஊரே சிரிக்கும்."

குல்பாஷ் சீட்டைப் பார்த்தாள். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நின்ற பேத்தியைப் பார்த்தாள். "பொட்டப் புள்ளைதானே," என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் சீட்டு சரிதான் என்று உறுதியான பிறகும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. இவ்வளவு பணத்தை விட்டுவிட்டு ஒரு பெண்குழந்தையைக் கேட்கிறவள் உலகத்தில் உண்டா? வாசலில் இன்காரை நிறுத்தி, கோட்டின் உள்துணியைத் தடவினாள். தொப்பியை உதறினாள். காலுறையைக்கூடக் கழற்றிப் பார்த்தாள்.

"இன்னொரு சீட்டு இருக்கு. இல்லாம இவ இப்படிப் பண்ண மாட்டா."

"என்னம்மா தேடுற?" என்றது குழந்தை.

"நல்லாப் பாருங்க அத்தே," என்றாள் உல்போசின். "பாத்து முடிச்சிட்டா சொல்லுங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

அவள் குனிந்து காலுறையை மறுபடி மாட்டிவிட்டாள்.

"கூசுது அண்ணி!" என்று இன்கார் சிரித்தது.

உல்போசின் திருத்தவில்லை. அல்மாத்தி போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது.