அடி வாங்கிய தோட்டாக்கள்

வாங்கும்போது கதிர் ஒரு பையை மட்டும்தான் பிரித்துப் பார்த்தான்.

பென்சில்வேனியாவில் நெடுஞ்சாலையோரக் கண்காட்சிக் கூடம் அது. மடிப்பு மேஜைகளின் மேல் துப்பாக்கிகளும் ராணுவம் கழித்துவிட்ட சாமான்களும் பரப்பியிருந்தன. கதிர் எடுத்தது காக்கித் துணியில் தைத்த ஒரு தோள்வார். வரிசையாகச் சின்னப் பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்தைந்தாகக் கிளிப்பில் கோத்த த்ரீ நாட் த்ரீ தோட்டாக்கள். ஈரோட்டில் கல்லூரி என்.சி.சி.யில் அவன் சுட்டுப் பழகியது அந்த ரகத் துப்பாக்கியில்தான். இங்கே பச்சை அட்டை வந்த வருடம், போலீஸ் அனுமதியும் வாங்கி, அதே ரகத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்தான்.

வேலை பார்சிப்பனியில், ஒரு மருந்து கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில். மாத்திரை அட்டையின் பேட்ச் எண்ணைப் படிக்கிற மாதிரியே தோட்டாவின் அடியையும் படித்தான். ஆலையின் எழுத்துகள், 1944 என்ற வருடம், ரகத்தின் எண். நடுவில் பிரைமர்: துப்பாக்கியின் ஊசி வந்து தட்டினால் தீப்பொறி விடுகிற குட்டி மூடி. அதைச் சுற்றி ஈரம் புகாதிருக்க ஊதா நிறத்தில் ஓர் அரக்கு வளையம். குண்டின் மூக்கில் காந்தத்தை வைத்தான். ஒட்டவில்லை. இரும்பு இருந்தால் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சுட விடமாட்டார்கள்.

"எண்பது வருஷப் பழசு மச்சான். வெடிக்குமா?" என்றான் அனிருத். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிற நண்பன், சென்னைக்காரன், பாதி விலைக்குப் பங்காளி.

"காஞ்ச இடத்துல இருந்திருந்தா வெடிக்கும். சுட்டப்புறம் குழாய வெந்நீர் ஊத்திக் கழுவணும். அந்தக் காலத்து பிரைமர்ல உப்பு இருக்கும், துருப்பிடிச்சிரும்."

"அப்ப சுடுறது நானு, பாத்திரம் கழுவுறது நீ."

விற்றவர் ஒன்றுதான் சொன்னார். இதைத் தான் சுட்டுப் பார்த்ததில்லை. தன்னிடம் விற்றவரும் சுட்டதில்லை என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனார்கள். முதல் பையிலிருந்த தோட்டாக்கள் ஒழுங்காக வெடித்தன. இரண்டாவது பையில் முதல் தோட்டாவுக்கு 'டிக்' என்று ஊசி தட்டிய சத்தம் மட்டும் வந்தது. அனிருத்தின் கை உடனே துப்பாக்கியைத் திறக்கிற போல்ட்டுக்குப் போயிற்று. கதிர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"திறக்காத! அப்படியே டார்கெட்டப் பாத்துப் பிடி."

"புஸ்வாணம்டா இது."

"சிலது லேட்டா வெடிக்கும். நீ திறந்த நேரத்துல வெடிச்சா பித்தளை பூரா உன் மூஞ்சிலதான். அரை நிமிஷம் பொறு. அதுக்கு மேல எதுவும் வெடிக்காது."

"அரை நிமிஷத்துல நான் ரெண்டு மீட்டிங் அட்டெண்ட் பண்ணிருவேன்," என்றான் அனிருத். ஆனாலும் பொறுத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கதிர் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தான். பிரைமரில் இரண்டு பள்ளங்கள். ஒன்று இப்போது விழுந்தது. இன்னொன்று ஓரமாக, ஆழமில்லாமல், உள்ளே கறுத்துப்போயிருந்தது.

மற்றப் பைகளையும் பிரித்தார்கள். முதல் பையைத் தவிர எல்லாவற்றிலும் அதே பழைய பள்ளம். மேலாக ஒரு சாம்பிள் எடுத்துப் பார்த்து முழு பேட்ச்சையும் பாஸ் பண்ணியிருக்கிறோம் என்று கதிருக்கு உறைத்தது. யாரோ, எங்கேயோ, இந்தத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியில் போட்டு விசையை இழுத்திருக்கிறார்கள். எதுவும் வெடிக்கவில்லை. அந்த ஆள் அவற்றை எறிந்துவிடாமல், திரும்பவும் கிளிப்பில் கோத்துப் பைக்குள் வைத்திருக்கிறான்.

பிளெய்ன்ஸ்பரோ வீட்டில் அவற்றைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினான். போலீசில் ஒப்படைத்துவிடுவதாக ஏற்பாடு. அனிருத்துக்காக நல்ல தோட்டாக்கள் வேறோர் இடத்திலிருந்து வாங்கி இன்னொரு டின்னில் வைத்தான். சாப்பிடும்போது கதையை வீட்டில் சொன்னான். மனைவி பிரீத்தி முகத்தைச் சுளித்தாள்.

"அந்த டின்ன எப்பக் கொண்டுபோய்க் குடுப்பீங்க? எனக்கு வீட்லயே இருக்கப் பிடிக்கல."

அம்மா வசந்தாமணி, ஆறு மாத விசாவில் கோபியிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"ஏங் கண்ணு, அது ஒருக்கா சுட்டும் வெடிக்கலீங்கற?"

"ஆமாம்மா."

"அப்ப எதுத்தாப்ல நின்னவன் பொழச்சிருப்பானல்லொ?"

"யாராவது நின்னிருந்தா."

"யாரும் நிக்காதயா அத்தன தடவ சுடுவாங்க?"

பிரீத்தி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆயுத பூஜை வேலை நாளில் வந்தது. அனிருத்துக்கு அன்று லீவு. மதியம் வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். அவனிடம் அதே ரகத் துப்பாக்கி தனியாக உண்டு. காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, "அம்மா, அனிருத் வந்தா டின்ல இருக்கறதக் குடுத்துருங்க," என்று சொல்லிவிட்டுக் கதிர் ஆபீசுக்குக் கிளம்பிப் போனான்.

பூஜைக்காக நேரத்தோடு திரும்பியபோது சமையலறை மேடை முழுக்கப் பளபளத்தது. கத்தி, கத்தரிக்கோல், குக்கர், பிரீத்தியின் கார் சாவி, லேப்டாப், எல்லாவற்றுக்கும் பொட்டு. விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள் அம்மா. விளக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் அனிருத்துக்காக வாங்கிய தோட்டாக்கள். அவையும் தங்கம் மாதிரி மின்னின. பொட்டு இல்லை.

பிஸ்கட் டின் காலியாக இருந்தது.

"அம்மா, இதையும் கழுவுனீங்களா?"

"பித்தளையாச்சே கண்ணு, ரெண்டு டின்லயும் பச்சையாப் பூத்துக் கெடந்துது. ராத்திரியே எல்லாத்தையும் புளித்தண்ணில ஊறப் போட்டுட்டேன்."

"இந்த டின்ல இருந்தது எங்க?"

"அனிருத் தம்பி வந்துதல்லொ, அதுக்குத்தான் குடுத்தேன். சுண்டலும் குடுத்தேன்."

"இதுதானேம்மா அவனுக்கு!" கதிர் தட்டைக் காட்டினான்.

"இது வெறும் குண்டு. அது உசுரக் காப்பாத்துன சாமானு. சந்தனம் வெச்சு, பொட்டு வெச்சு, சாமிகிட்ட வெச்சிருந்தேன். நல்ல நாள்ல வீட்டுக்கு வந்த புள்ளைக்கு நல்லதப் பாத்துக் குடுக்காம எதக் குடுக்கறது?"

"பொட்டு எங்க வெச்சீங்க?"

"அடியில வட்டமா எடம் உட்ருக்குதே, அங்கதான்."

பிரைமரின் மேல். பள்ளத்தைச் சந்தனம் மூடியிருக்கும். ஊதா அரக்கைப் புளி தின்றிருக்கும், இரவெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். பாதி ஈரமான பிரைமர் தட்டியதும் வெடிக்காது, கொஞ்சம் பொறுத்து வெடிக்கலாம். அனிருத்தோ பொறுக்கிறவன் இல்லை.

அனிருத்தைக் கூப்பிட்டான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரேஞ்சில் காது மூடியோடு இருப்பவனுக்குக் கேட்காது. கதிர் மேடையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு செருப்போடு பிரீத்தியின் காரில் ஏறினான். பொட்டு வைத்த ஸ்டீரிங் விரலில் சிவப்பாக ஒட்டியது. ரேஞ்சு ஆபீசுக்கு அடித்தான். பதிவுக் குரல்தான் வந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அவனுக்கு அனிருத்தின் வலது கைதான் தெரிந்தது. போல்ட்டுக்குத் தானாகப் போகிற அந்தக் கை.

ரேஞ்சில் வேறு யாரும் இல்லை. சிவப்புக் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி மேஜையில் அனிருத், துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்து, டார்கெட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தரையில் ஒரு வெற்றுக் கூடுகூட இல்லை. பக்கத்தில் டப்பா, அதற்குள் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள்.

"போல்ட்டத் தொடாத!"

"தொடல," என்றான் அனிருத். திரும்பவில்லை. குரல் மெதுவாக வந்தது.

"டிக்னு வந்துச்சா?"

"முதல் குண்டே."

"எப்ப?"

"சூரியன் அந்தப் பைன் மரத்து மேல இருந்துச்சு."

கதிர் பார்த்தான். சூரியன் மரங்களுக்குக் கீழே போயிருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. அரை நிமிடம் தாண்டினால் செத்த தோட்டா. படித்த எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது.

"இவ்வளவு நேரம் எதுக்குடா? போதும், திறந்துரு."

"முடியாது."

"ஏன்?"

"அங்க ஒருத்தர் நிக்கறாரு."

கதிர் பார்த்தான். காகித டார்கெட், அதன் பின்னால் மண்மேடு, அதற்கு மேல் வானம். யாரும் இல்லை.

"யாருமில்ல அனி. துப்பாக்கிய இறக்கு."

"இறக்குனா அவர் நகருவாரு. நகந்தா எந்தப் பக்கம் வருவாருன்னு தெரியல." அனிருத்தின் நெற்றியிலிருந்து வியர்வை கட்டையில் சொட்டியது. "டிக்னு வந்ததும் கை போல்ட்டுக்குப் போச்சு மச்சான். அப்பதான் பாத்தேன். அவரும் என்னையே பாத்துட்டு நிக்கறாரு. அவரும் காத்துட்டுதான் இருக்காரு."

பித்துப் பிடித்திருக்கிறது, நாமே திறந்துவிடலாம் என்று கதிர் குனிந்தான். விரல் போல்ட்டின் குமிழில் பட்டது. சில்லென்றிருந்தது.

"இரு," என்றான் அனிருத். "ப்ளீஸ்டா. கொஞ்சம் இரு."

அந்தக் குரலுக்காகக் கதிர் கையை எடுத்தான். இருவரும் டார்கெட்டையே பார்த்தார்கள். காற்றில்லை. நெடுஞ்சாலைச் சத்தம்கூட அங்கே எட்டவில்லை.

அனிருத் விசையிலிருந்து விரலை எடுத்து, நீளமாக மூச்சு விட்டான்.

"போயிட்டாரு."

துப்பாக்கி வெடித்தது.

பிறகு கதிர் போல்ட்டைத் திறந்தான். வெற்றுக் கூடு புகையோடு மேஜையில் விழுந்து உருண்டது. போல்ட்டின் முகத்தில் குங்குமம் கருகி ஒட்டியிருந்தது. டார்கெட்டுக்கு நடந்து போனார்கள். மனித உருவம் அச்சடித்த காகிதத்தில், நெஞ்சுக்கு நேராக ஒரே ஓட்டை.

மீதித் தோட்டாக்களை அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்ட அதிகாரி பொட்டுகளைப் பார்த்துவிட்டு, இது என்ன குறி, எந்த நாட்டு ராணுவம் என்று கேட்டார். கதிர் தெரியவில்லை என்றான்.

வீட்டில் அம்மா பூஜையை முடிக்காமல் காத்திருந்தாள்.

"வெடிச்சுதா கண்ணு?"

"ஒண்ணு வெடிச்சுது."

"யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

கதிர் அந்தக் காகிதத்தை நினைத்துப் பார்த்தான்.

"இல்லம்மா. அவர் நகந்ததுக்கப்புறம்தான் வெடிச்சுது."

யார் என்று அம்மா கேட்கவில்லை. கற்பூரத்தை ஏற்றினாள்.